வால் நுனி வரைக்கும்

துப்பட்டாவை இழுத்துக்காதேம்மா, சிந்தாது. கவருக்குள்ள கவர் போட்டு, காத்து அடிச்சு, ரப்பர் பேண்டை ஆறு சுத்து சுத்தியிருக்கேன். கொளத்தூர்ல இருபத்திரண்டு வருஷமா மீன் கட்டுறவ நான். இந்த பாக்கெட்டை வெச்சுக்கிட்டு நீ டெல்லி வரைக்கும் ரயில்ல போகலாம், ஒரு சொட்டு வெளிய வராது. கண்டக்டர் கத்துனதுல நீ பயந்துட்டே. மீன் கூடையெல்லாம் பஸ்ஸுல ஏத்தக்கூடாதாம். இது கூடையா? மடியில வெச்சிருக்கற ரெண்டு பாக்கெட்டு. நாத்தம் அடிக்குதா, நீயே சொல்லு. இறங்க மாட்டேன்னுட்டேன். என்னை இறக்கறதுக்கு இனிமேதான் ஒருத்தன் பொறந்து வரணும்.

நான் திருமங்கலம். நீ? கோயம்பேடா? நல்லதாப் போச்சு. பாடியில எப்படியும் இருபது நிமிஷம் நிப்பான்.

சமைக்கறதுக்கா? ஐயோ, இல்லம்மா. இது தொட்டி மீன். தொட்டியில பாசி பிடிக்கும் பாரு, அதைத் தின்னற மீன். ரெண்டுத்தையும் நல்லாப் பாரு. சைஸை விடு. இந்தப் பெரிசு ஆறு மாசமா தின்னு கொழுத்தது, இதுவும் சின்னதுல அது மாதிரி விரல் நீளந்தான் இருந்துச்சு. உடம்பைப் பாரு. என்ன தெரியுது?

ஆங், கறுப்புக் கோடு. ரெண்டுத்துலயும் கறுப்புக் கோடு. ரெண்டும் ஒரே சாதின்னுதானே சொல்லுவே? எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. உன்னைக் குத்தம் சொல்லல. கடை வெச்சிருக்கறவன்லயே பாதிப் பேருக்குத் தெரியாது. பத்து வருஷமா விக்கிறான், பாசி மீனு பாசி மீனுன்னு ஒரே தொட்டியில கொட்டி வெச்சிருக்கான்.

இந்தச் சின்னது சயாமீஸ். அந்தக் கோடு மூக்குல ஆரம்பிச்சு, உடம்பெல்லாம் ஓடி, வாலுக்குள்ளயும் போயி, வால் நுனி வரைக்கும் போகும். நடுவுல நிக்காது. செதிள் எல்லாம் கண்ணாடி மாதிரி வெறுமனே இருக்கும். நான் செதிள்னு சொல்றது துடுப்பை, எங்க ஆளுங்க அப்படித்தான் சொல்லுவோம். இந்தப் பெரிசு சைனீஸ். கோடு வாலுக்கு முன்னாடியே நின்னுடும். அப்புறம் வாய். சைனீஸுக்கு வாய் அடியில இருக்கும், வட்டமா, கண்ணாடியில அப்படியே ஒட்டிக்கும். சயாமீஸுக்கு ஒட்டத் தெரியாது. இன்னொண்ணு இருக்கு, ஃப்ளையிங் ஃபாக்ஸுன்னு, அதுக்குக் கோட்டு மேல தங்கக் கலர்ல இன்னொரு கோடு போகும், செதிள்ல கறுப்பு வெள்ளை பார்டர் இருக்கும். அதை விடு, அது இந்தக் கதையில இல்ல.

எதுக்கு இவ்ளோ பாக்கணும்னு கேக்கறியா? சயாமீஸு சாகற வரைக்கும் பாசி திங்கும். சைனீஸு சின்னதுல திங்கும். வளந்துச்சுன்னா பாசி கசக்கும் அதுக்கு. மெதுவா நீந்துற மீனாப் பாத்து, விலாவுல வாயை வெச்சு, மேல இருக்கற வழவழப்பை உறிஞ்சும். உறிஞ்சி உறிஞ்சி அந்த மீனைத் தோல் உரிச்சு விட்டுடும். அப்படித்தான் குங்குமம் செத்துச்சு.

குங்குமம் யாருன்னா, டாக்டரோட மீனு. திருமங்கலத்துல பல் டாக்டர் ஒருத்தர் இருக்காரு, சத்தியசீலன்னு பேரு. அவர் கிளினிக்குல நாலடி தொட்டி. அதை மாசம் ரெண்டு தடவை போயி கழுவி, தண்ணி மாத்தி, பில்டரைப் பாத்துட்டு வர்றது என் வேலை. இந்த மாதிரி பதினோரு தொட்டி பாக்கறேன். அதுல அஞ்சு இவரு சொல்லி வந்தது, இவரோட சிநேகித டாக்டருங்க. அந்தத் தொட்டியில ஒரு ஒராண்டா, தங்கமீன்ல ஒரு சாதி, அதுதான் குங்குமம். வெள்ளை உடம்பு, தலையில மட்டும் சிவப்பா குல்லா போட்ட மாதிரி இருக்கும். பல்லு புடுங்க வர்ற குழந்தைங்க அழுதுச்சுன்னா தூக்கிட்டு வந்து அதைத்தான் காட்டுவாரு. வாயைத் தொறந்து தொறந்து மூடும் பாரு, 'குங்குமம் மாதிரி வாயைத் தொற'ம்பாரு, குழந்தைங்க தொறந்துடும். மனுஷன் அது மேல உசிரா இருந்தாரு.

தை மாசத்துல அந்தத் தொட்டியில முடி மாதிரி கறுப்புப் பாசி பிடிச்சிருச்சு. அதுக்கு ஒரே மருந்து சயாமீஸுதான். நான் பொன்னேரிப் பக்கம் பண்ணைக்கே போனேன். எரநூறு மீனு இருந்துச்சு. எரநூத்துல ஒண்ணு எடுத்தேன். அப்படி எடுத்தேன். ஒரு செவ்வாக்கிழமை கொண்டு போயி விட்டேன். அன்னிக்குன்னு பாத்து முகப்பேர் ஓட்டல்காரன் போன் மேல போன் பண்றான், அவன் தொட்டியில தண்ணி கசியுதுன்னு. கையைத் துடைச்சும் துடைக்காமலும் ஓடுனேன். ஆனா மீனு நல்ல மீனு. அதுல மாத்துப் பேச்சே கிடையாது.

ஆடி மாசம் போன் வருது. "லோகநாயகி, உடனே வாங்க." எப்பவும் லோகாம்மான்னு கூப்பிடுற மனுஷன். போனா, குங்குமம் ஒரு டிரேயில கிடக்குது. ஒரு பக்க விலாவுல தோலே இல்ல, புண்ணு. டாக்டர் போனை நீட்டுறாரு, அதுல படம் போட்டு எல்லாம் இருக்குது. "நீங்க போட்டது சயாமீஸ் இல்ல, சைனீஸ். என்னை ஏமாத்திட்டீங்க"ங்கறாரு. ஆறு பேஷண்டு உக்காந்திருக்காங்க. தாடையில கையை வெச்சுக்கிட்டு எல்லாரும் என்னையே பாக்கறாங்க.

நான் தொட்டியைப் பாத்தேன். கண்ணாடியில ஒட்டிக்கிட்டு இருக்குது, இதோ இந்தப் பெரிசு, இதேதான். சைனீஸு. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. நான் போட்ட மீனு இது இல்ல! எரநூத்துல ஒண்ணு எடுத்தவ நான், எனக்குத் தெரியாதா?

நீ கேக்க வர்றது புரியுது. மாசம் ரெண்டு தடவை போனியே, ஆறு மாசமா நீ பாக்கலையான்னு. டாக்டரும் அதைத்தான் கேட்டாரு. எதுக்குப் பாக்கணும்? அடுத்தவன் போட்ட மீனுன்னா பாப்பேன். நானே பொறுக்கி எடுத்து, நானே விட்ட மீனு. அதைப் போயி நான் என்ன பாக்கறது? கையை உள்ள விட்டாலே அது உள்ள கிடக்கற மரக்கட்டைக்குப் பின்னாடி போயிடும். நான் கண்ணாடியைத் தேய்ப்பேன், தண்ணியை மாத்துவேன், வந்துடுவேன்.

அப்போ யாரு மாத்துனா? கிளினிக்குல பகல் பூரா இருக்கறது யாரு? டாக்டர் சாயந்திரம் அஞ்சு மணிக்குத்தான் வருவாரு. ரிசப்ஷன்ல ஒரு பொண்ணு, அதுதான் கதவைத் தொறக்கும், பெருக்கும், மீனுக்குத் தீனி போடும், டோக்கன் குடுக்கும். பேரா? பேரெல்லாம் எதுக்கு இப்போ. இருபத்தஞ்சு இருபத்தாறு வயசு. என்னை அக்கா அக்கான்னு சுத்தி வரும். நான் தண்ணி மாத்தறப்ப பக்கெட்டைத் தூக்கும். ஒரு தடவை அதுவே என்கிட்ட, "அக்கா, இந்த மீனு கண்ணாடியில ஒட்டிக்குமா?"ன்னு கேட்டுச்சு. என் மீனைப் பத்தி எனக்குத் தெரியும், நீ டோக்கனைப் பாருன்னு சொல்லிட்டேன். இதெல்லாம் அன்னிக்கு எனக்கு ஞாபகம் வருது. ஓகோ, அப்பவே நூல் விட்டுப் பாத்திருக்கு, நான் கண்டுபிடிக்கறேனான்னு. அப்படித்தான் நினைச்சேன்.

ஆறு பேர் முன்னாடியே கேட்டேன். "நல்ல மீனை எடுத்து வித்துட்டு இதைப் போட்டியா?" டாக்டர் கேட்டாரு, "மீனை மாத்துனியா?" "ஆமா சார்." "ஏன்?" என்னை ஒரு பார்வை பாத்துச்சு, தலையைக் குனிஞ்சுக்குச்சு. பாத்தீங்களான்னு நான் குதிச்சேன். "டாக்டர், இனிமே இந்தப் பொண்ணு இருக்கற இடத்துல நான் கை வைக்க மாட்டேன். அவளா நானா, நீங்களே முடிவு பண்ணுங்க"ன்னேன். அவரு குங்குமத்தையே பாத்துக்கிட்டு நின்னாரு. அப்புறம் அதுகிட்ட, நாளைலேர்ந்து வர வேணாம்னுட்டாரு. அது பையை எடுத்துக்குச்சு, டோக்கன் நோட்டை ஒழுங்கா மூடி மேசை மேல வெச்சிட்டுப் போச்சு. நான் சைனீஸைப் பிடிச்சு எடுத்துட்டு வந்துட்டேன். ஜெயிச்சுட்டேன்னு வந்தேன்.

ஆனா ஊர் வாய் இருக்கே. கொளத்தூர் முழுக்கப் பரவிடுச்சு. எதிர்க்கடை ஏகாம்பரம் என்னை 'சைனீஸ் லோகா'ன்னு கூப்பிடுறான். விடுவேனா? ஞாயித்துக்கிழமை, சந்தைக் கூட்டத்துல, அவன் கடை வாசல்ல போயி நின்னேன். "கொண்டாடா முப்பது மீனு. மூணு சாதியையும் கலந்து கொட்டு"ன்னேன். அவன் வேணும்னே வெள்ளை பேசின்ல கொட்டுறான். எதுக்குத் தெரியுமா? வெள்ளையில போட்டா பயந்து மீனோட கோடு வெளுத்துடும். அவன் புத்தி அப்படி. எனக்கா தெரியாது? வாயைப் பாத்தேன், செதிளைப் பாத்தேன், நிக்கிற நிலையைப் பாத்தேன். சயாமீஸு தரையில நின்னா அடிச்செதிளை ஊனிக்கிட்டு நிமிந்து நிக்கும். பக்கத்துல ஒருத்தர் டீ ஆத்தி முடிக்கறதுக்குள்ள மூணு டப்பாவுல பிரிச்சுப் போட்டேன். முப்பதும் சரி. ஏகாம்பரம் பேசினைக் கழுவப் போயிட்டான். அன்னிக்கு நான் தெருவுல நடந்த நடையை நீ பாத்திருக்கணும்.

பாடி வந்துடுச்சா. பாத்தியா, சொன்னேன்ல, நிக்கிறான்.

முந்தாநாள் வில்லிவாக்கத்துல துணிக்கடைக்குப் போனேன். என் தங்கச்சி பேத்திக்குச் சட்டை எடுக்க. குழந்தைங்க செக்ஷன்ல யாரு நிக்கிறா? அந்தப் பொண்ணுதான். அந்தக் கடையில உக்கார விட மாட்டாங்கம்மா, காலைல ஒன்பதரைலேர்ந்து ராத்திரி வரைக்கும் நிக்கணும். கால் ரெண்டும் வீங்கி செருப்பு வாரு பதிஞ்சிருந்துச்சு. என்னைப் பாத்ததும், "வாங்கக்கா, எத்தனை வயசுக்கு?"ங்குது. ஒண்ணும் நடக்காத மாதிரி.

எனக்குக் கோவம் மூக்குக்கு மேல வந்துடுச்சு. "முதல்ல இதைச் சொல்லு. என் மீனை எங்க வித்தே?"ன்னேன்.

சட்டையை மடிச்சுக்கிட்டே சொல்லுச்சு. மெதுவாதான் சொல்லுச்சு, சூப்பர்வைசர் பாக்கறான்னு.

"விக்கலக்கா. நீங்க விட்டுட்டுப் போன மறுநாள் காலைல வந்து பெருக்குறேன், தொட்டிக்குப் பின்னாடி சுவரோரமா கிடந்துச்சு. கருவாடு மாதிரி காஞ்சு. நீங்க தொட்டி மூடியை எடுத்து சோபா மேல வெச்சிட்டு, அப்படியே போயிட்டீங்க. குதிச்சிருச்சு போல."

சயாமீஸு குதிக்கும். கொளத்தூர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவான். புதுத் தொட்டியில விட்டா முதல் நாள் கண்டிப்பா குதிக்கும். அதனாலதான் மூடி. நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன், மூடிய மூடுங்க மூடிய மூடுங்கன்னு.

"போன் பண்ணியிருக்கலாம்ல?"ன்னேன்.

"பண்ணேன்க்கா. எடுத்ததும் 'ஏர் பம்ப் சுவிட்சைப் பாரு, சும்மா சும்மா போன் பண்ணாதே'ன்னு வெச்சிட்டீங்க."

வெச்சிருப்பேன். மறுநாளும் அந்த ஓட்டல்லதான் முழங்கால் தண்ணியில நின்னுட்டு இருந்தேன்.

அதுக்கு முந்தின வாரந்தான் கரண்டு போயி ரெண்டு மீனு செத்துது அந்தத் தொட்டியில. டாக்டர் என்னை வெச்சுக்கிட்டே சொன்னாரு, இன்னொரு மீனு செத்தா ஆளை மாத்திடுவேன்னு. அது அங்க நின்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கு. அதனால டாக்டர் வர்றதுக்குள்ள பக்கத்துத் தெருக் கடைக்கு ஓடி, செத்த மீனைக் காகிதத்துல சுத்தி எடுத்துட்டுப் போயிக் காட்டி, இதே மாதிரி பாசி திங்கற மீனு ஒண்ணு குடுங்கன்னு தன் கைக்காசுல வாங்கிட்டு வந்து விட்டிருக்கு. செத்ததை கிளினிக் வாசல்ல குரோட்டன்ஸ் செடித் தொட்டியில புதைச்சிருக்கு.

"ஒண்ணுக்கொண்ணு வெச்சுப் பாத்துதான்க்கா வாங்குனேன். கோடு இருந்துச்சு"ங்குது.

அப்போ நான் என்ன கேட்டேன் தெரியுமா? இப்பவும் நினைச்சா எனக்கே கூசுது. "கோடு வால் நுனி வரைக்கும் போச்சான்னு பாத்தியா?"ன்னு கேட்டேன். அந்த வீங்குன காலோட நின்னுக்கிட்டு அது, "தெரியாதுக்கா, நீங்க எனக்குச் சொல்லித் தரலையே"ன்னுச்சு.

அன்னிக்கு டாக்டர் கேட்டப்ப ஏன் வாயைத் தொறக்கலன்னு கேட்டேன். "சொன்னா உங்களை நிறுத்திடுவாரே. எனக்கு இன்னொரு வேலை கிடைக்கும். உங்களுக்கு அவரு சொல்லி வந்த தொட்டியெல்லாம் போயிடும்"ங்குது. அப்புறம் சொல்லுச்சு, "அங்க எல்லாரும் என்னை ஹலோன்னுதான் கூப்பிடுவாங்க. வந்த முதல் நாளே பேர் கேட்டது நீங்க மட்டுந்தான்."

பேர் கேட்டேனாம். பேர் கேட்டதுக்கு இவ்ளோ பண்ணுவாங்களா ஒரு மனுஷி?

இப்போ டாக்டர்கிட்ட போயி சொல்லட்டுமான்னேன். "வேணாம்க்கா, சொல்லாதீங்க. முடிஞ்சு போச்சு"ன்னு என் கையில சட்டையைக் குடுத்து பில்லுக்கு அனுப்பிடுச்சு.

வேணாமாம்! எனக்கு அது தயவு பண்ணுதாம்! ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கல, தூக்கம் இல்ல. ஏகாம்பரம் மாதிரி ஒரு ஆளு என்னைத் திட்டுனா நான் தாங்குவேன், திருப்பித் திட்டுவேன். இருபத்தஞ்சு வயசுப் பொண்ணு ஒண்ணு தன் வேலையை எடுத்து என் மேல போத்திட்டுப் போயிருக்கு, நான் அது தெரியாம தெருவுல நெஞ்சை நிமித்திக்கிட்டு நடந்திருக்கேன். எவளோட தயவுலயும் என் பேரு நிக்க வேணாம். லோகநாயகி பேரு லோகநாயகி கையாலதான் நிக்கணும், இல்லைன்னா விழுந்து போகட்டும்.

அதான் போறேன். ரெண்டு பாக்கெட்டையும் அவரு மேசை மேல வெச்சு, பக்கத்துல பக்கத்துல காட்டப் போறேன். இது நான் போட்ட சாதி, இன்னிக்குக் காலைல புதுசா எடுத்தது; இது அது வாங்குன சாதி. நான் போட்டது சயாமீஸுதான்! அதை அவரு வாயால ஒத்துக்கணும், விட மாட்டேன். அப்புறம் அது ஏன் செத்துச்சுன்னும் சொல்லுவேன். மூடியை சோபா மேல வெச்சிட்டு ஓடுனது நான். போன் வந்தப்ப வள்ளுன்னு விழுந்தது நான். ஆறு மாசம், பன்னெண்டு தடவை போயிருக்கேன், ஒரு தடவை குனிஞ்சு பாத்திருந்தா குங்குமம் உசிரோட இருந்திருக்கும். பாக்காதவ நான். ஆறு பேஷண்டு முன்னாடிதானே அதைத் திருடின்னேன்? இன்னிக்கும் சாயந்திரம் ஆறு பேராவது இருப்பாங்க. அவங்க காதுல விழற மாதிரியே சொல்லுவேன். எனக்குத் தொண்டை பெருசு, தெரியும்ல.

மன்னிப்பா? அது எனக்கு வராதும்மா. பழக்கமில்ல. நடந்ததைச் சொல்லுவேன், அவ்ளோதான்.

தொட்டியை எடுத்துக்கிடட்டும். மத்த அஞ்சையும் எடுத்துக்கிடட்டும். எனக்குக் கை இருக்கு, கொளத்தூர் இருக்கு. ஏகாம்பரம் சிரிக்கட்டும், அவன் பல்லுக்கு நான் என்ன பண்றது. ஆனா அந்தப் பொண்ணைத் திரும்பக் கூப்பிட்டு அந்த நாற்காலியில உக்கார வெக்கற வரைக்கும் அந்த வாசலை விட்டு நகர மாட்டேன். கண்டக்டரே என்னை இறக்க முடியல, பல் டாக்டர் என்ன பண்ணிடுவாரு? அப்புறம் அந்த நாற்காலிக்குப் பக்கத்துல நின்னு, ஒண்ணொண்ணா காட்டி, எப்படிப் பிரிச்சுப் பாக்கறதுன்னு சொல்லித் தரப் போறேன். வாயி, செதிளு, கோடு, எல்லாம். முன்னாடியே சொல்லித் தந்திருக்கணும்.

பெனாசிர். அதுதான் பேரு. கேட்டேல்ல. பெனாசிர்.

சிக்னல் தாண்டிட்டான், நான் எழுந்திருக்கணும். இரு, அதுக்கு முன்னாடி இந்தச் சின்ன பாக்கெட்டைக் கொஞ்சம் பிடி. ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடி. காலைலயே பாத்துட்டேன், மூணு தடவை பாத்துட்டேன், என் கண்ணுல ஒரு கோளாறும் இல்ல. இருந்தாலும் நீ ஒரு தடவை பாத்துச் சொல்லு. கோடு வால் நுனி வரைக்கும் போகுதா? அவசரப்படாதே. கண்டக்டர் கத்துனா கத்தட்டும். நல்லாப் பாத்துச் சொல்லும்மா.